பாரிஸ் டவரில் நாங்கள் ஏறவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

"நாங்கள் இருவரும் நலம்" என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த முறை முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று பார்க்கிறேன். உன் அம்மா நலம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். நம் கோயில் விழா மலரில், யாங்கூனில் தமிழ் தெரிந்த அத்தனை பேரும் படிக்கிற இடத்தில், ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். நான்கு வருடத்துக்கு முன் இதே மலரில் 'நாங்கள் கண்ட பாரிஸ்' என்று நான்கு பக்கம் எழுதியவன் நான். அதில் ஒரு பக்கம் முழுப் பொய். பொய்யை அச்சில் போட்டுவிட்டு உண்மையைக் காதோடு காதாகச் சொல்வது நியாயமாகப் படவில்லை. மலர்க்குழுச் செயலாளர் இதைப் படித்துவிட்டு, "ஏங்க, மகன் கல்யாண வாழ்த்துன்னு சொல்லிட்டு வீட்டு வம்பையெல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கீங்களே?" என்றார். "வாழ்த்தும் உள்ளே இருக்கு, தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். எழுத்துக் கூட்டியாவது படி. பர்மியில் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. மா சந்தாவுக்கு நீயே பர்மியில் சொல்லிவிடு. என் மருமகளாக வரப்போகிறவள் மாமனாரைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாதது இல்லை. நான் பெரிய பொய் சொல்கிறவன் இல்லை. உண்மை கசங்கியிருந்தால் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் வெளியே எடுத்துக்கொண்டு போவேன். முப்பத்தோரு வருடம் அலோன் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணி எழுதுகிற வேலை பார்த்தேன். வெளியில் கேட்டால் 'ஷிப்பிங்கில் இருக்கிறேன்' என்பேன். நீ ஜெர்மன் மொழி படித்து நர்ஸ் பயிற்சிக்கு ஜெர்மனி போகிறேன் என்றபோது, "ஆம்பளப் பிள்ளை போயும் போயும் நர்ஸா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மாதான், "நோயாளிக்குக் கை பிடிக்கிறவன் ஆம்பளையா பொம்பளையான்னா தெரியப் போகுது?" என்று என்னை உட்கார வைத்தாள். விமான நிலையத்தில் உன்னை வழியனுப்ப வந்தவர்களிடம், "மருத்துவம் சம்பந்தமா படிக்கப் போறான்" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். என்னைத் திருத்தவில்லை. பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாய். லான்மடாவில் நம் கட்டடத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் உன்னை டாக்டர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மலர் போகும். என் மகன் நர்ஸ். வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறான், மருந்து கொடுக்கிறான், சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை வருடம் ஆனது என்று தெரியவில்லை.

பயிற்சி முடிந்து முதல் வருடச் சம்பளத்தில் எங்களை அழைத்தாய். நீ இருந்த ஊரில் பார்ப்பதற்கு ஒரு ஆறும் ஒரு சர்க்கரை ஆலையும்தான் உண்டு என்றாய். அதனால் மூன்று நாள் பாரிஸ், பஸ்ஸில் போகலாம் என்று திட்டம் போட்டாய். பாரிஸ் ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். நம் வீட்டில் ஊசி நூல் வைக்கிற பிஸ்கட் டின்னின் மூடியில் அந்த டவர் படம் இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசு அது. சட்டைப் பொத்தான் தைக்கிறபோதெல்லாம், "இது மேல ஏறினா கீழ மனுசங்க எப்படித் தெரிவாங்க?" என்று அவள் உன்னிடம் கேட்பாள். நீ சின்ன வயதில், "எறும்பு மாதிரி" என்பாய். என்னிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

புறப்படும்போது என்னிடம் ஷூ இல்லை. லோஞ்சியும் ரப்பர் செருப்புமாக வாழ்ந்தவனுக்கு ஷூ எதற்கு? மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற உன் மாமா, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்புத் தோல் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். "மச்சான், ஒரு தடவதான் போட்டேன், பத்திரம்" என்றார். அந்தப் 'பத்திரம்' எனக்குச் சுருக்கென்றது. உன்னிடம் அது என் ஷூ என்றே சொன்னேன்.

தம்பி, அந்த முதல் ஒன்றரை நாளைப் போல நாம் மூவரும் சேர்ந்து சிரித்தது வேறு எப்போதும் இல்லை. ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, மூன்று கட்டில் போட்ட ஒரு அறை. குளியலறை நடைபாதைக் கோடியில். அம்மா கொண்டுவந்த பலாச்சாங் பாட்டிலைத் திறந்ததும் இறால் வாடை அந்த மாடி முழுக்கப் போய், பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிவிட்டார். நீ அவரை உள்ளே கூப்பிட்டு, ரொட்டியில் தடவி ஒரு துண்டு கொடுத்தாய். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். கடையில் ஒரு தேநீர் விலையை நம் ஊர்க் கியாட்டில் பெருக்கிப் பார்த்து நான் மயங்கி விழாத குறை. "அப்பா, கியாட்ல மாத்தாதீங்க. மாத்தினா இந்த ஊர்ல எச்சில் முழுங்கக் கூட முடியாது" என்றாய். அதனால் தெருக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டோம். காலையில் அவித்த முட்டையை மத்தியானம் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து உரித்தோம். பெரிய மியூசியத்துக்கு உள்ளே போகாமல் வாசலில் இருக்கிற கண்ணாடிக் கூம்பு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பாலம் பாலமாக நடந்தோம். பாலத்தில் நடக்கக் காசு இல்லை என்று நீ சொல்லச் சொல்ல அம்மா, "அப்ப இன்னொரு பாலம் போவோம்" என்றாள். காசில்லாமல் ஊர் பார்ப்பது எப்படி என்று நீ ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாய். எது எந்த நாள் இலவசம், எங்கே உட்காரலாம், எங்கே கழிப்பறை, எல்லாம் அதில் இருந்தது. அந்த நோட்டில் காசு கொடுத்துப் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று. இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு டவர், லிஃப்டில் உச்சி வரை, மூன்று டிக்கெட். இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாய்.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் நாம் மலைமேல் இருக்கிற அந்த வெள்ளைத் தேவாலயத்துக்குப் போனோம். அதுவும் இலவசம். நடந்ததை யாங்கூன் ஊர்க்காரர்கள் புரிந்துகொள்வார்கள், வேறு யாருக்கும் விளங்காது. மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை அகலப் படிக்கட்டு, உச்சியில் வெள்ளையாகக் கும்பக் கோபுரம், படியெங்கும் குடும்பம் குடும்பமாக ஜனம். ஷ்வேடகோன் பகோடாவுக்கு எத்தனை ஆயிரம் தடவை ஏறியிருப்பேன்? முதல் படியில் கால் வைக்கும் முன் நான் தன்னையறியாமல் குனிந்து ஷூவைக் கழற்றினேன். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, ஷூவைப் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, படிக்கட்டுக் கம்பி ஓரமாக வைத்தேன். பக்கத்தில் குப்பைப் பை தொங்கியதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அது குப்பைப் பை என்று எனக்குத் தெரிந்திருக்காது. நீயும் அம்மாவும் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் ஏறிக்கொண்டிருந்தீர்கள். நான் காலுறையோடு பின்னால் வந்தேன். கல் சில்லென்று இருந்தது. பக்திக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

கோயில் வாசலில் நீ திரும்பிப் பார்த்தாய்.

"அப்பா, ஷூ எங்க?"

"கீழ."

"கீழன்னா?"

"கீழன்னா கீழதான். சாமி இடத்துக்கு ஷூ போட்டா வருவாங்க?"

"இங்க போட்டுக்கலாம்பா. எல்லாரும் போட்டிருக்காங்க பாருங்க. நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"நீ எனக்குச் சாமி கும்பிடச் சொல்லித் தர்றியா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ எங்களோடு உள்ளே வந்தாய். அன்றைக்கு நீ ஓடியிருந்தால் ஷூ கிடைத்திருக்கும். உன்னை நிறுத்தியவன் நான்.

கீழே வந்தபோது கம்பி ஓரம் காலியாக இருந்தது. மணி இரண்டரை. நீ பச்சைச் சட்டை போட்ட துப்புரவுத் தொழிலாளி ஒருவரைப் பிடித்து, போனில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்டாய். அவர் முதலில் சிரித்தார். பிறகு என் காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, வண்டி போய்விட்டது என்று கையைக் காட்டினார். அவரிடம் குற்றமில்லை. குப்பைப் பைக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டு வைத்த பையை யார்தான் எடுக்க மாட்டார்கள்? எனக்கோ மாவ்பி மாமாவின் முகம் கண்முன் வந்து நின்றது. "கிடைக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ உன் ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தாய். "நான் சாக்ஸோட வர்றேன், நீங்க போட்டுக்குங்க" என்றாய். "ஊர் முன்னால என் மானத்தை வாங்கப் பார்க்கிறியா?" என்றேன். செருப்புக் கடை தேடி இரண்டு தெரு ஓடினாய். எங்கும் பையும் தொப்பியும் டவர் பொம்மையும்தான் விற்றார்கள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாய். அம்மா அப்போது முப்பது படி மேலே, புல்வெளி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து நாம் பேசுவது அவளுக்குக் கேட்காது. மணி மூன்றேகால்.

நீ என் முன்னால் குந்தி உட்கார்ந்தாய். நீ சொன்னது எழுத்துப் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "அப்பா, நீங்க இங்கயே இருங்க. அம்மாவை நான் மட்டும் கூட்டிட்டுப் போய் ஏத்திக் காட்டிட்டு வந்துடறேன். அவங்களுக்காகத்தான் சேர்த்தேன். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுட்டுத்தான் சேர்த்தேன்ப்பா."

ஒரு தகப்பன் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஓடு, நேரமாகுது" என்று சொல்லியிருக்க வேண்டும். நான், "இரு, அவகிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்றேன். நீ என்னை நம்பி அங்கேயே நின்றாய். முப்பது படி ஏறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கிடைச்சுதா?" என்றாள். "இல்ல" என்றேன். அப்புறம் சொன்னேன்: "டவர் டிக்கெட்டு ரத்தாயிடுச்சாம். இன்னைக்கு யாரையும் மேல விடலையாம். பிள்ளை ரொம்ப வருத்தப்படறான், அதைப் பத்தி அவன்கிட்ட ஒண்ணும் கேட்டு வைக்காத." பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் மரங்களுக்கு நடுவே அந்த டவரின் மேல்பாதி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "பாவம் பிள்ளை" என்றாள். நான் திரும்ப முப்பது படி இறங்கி வந்தேன். "அம்மாவுக்கு வேணாமாம். உயரம்னா பயமா இருக்காம். உன் மனசு நோகுமேன்னுதான் இவ்வளவு நாளும் சொல்லலையாம். நீ அவகிட்ட கேட்டுக் கட்டாயப்படுத்தாத" என்றேன்.

உன் முகத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாய். விமான நிலையத்தில் பை மாற்றினாயே, அதே முகம். "யா பா தே, அப்பா" என்றாய். பரவாயில்லை என்று பர்மியில் சொன்னாய். நீ மனசு உடைந்தால் பர்மிப் பேச்சுக்குப் போய்விடுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஏன் செய்தேன் என்று நான்கு வருடமாக யோசிக்கிறேன். ஷூ போன கோபம் என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு, தெரியாத ஊரில் தனியாக உட்காரப் பயம் என்றேன். இரண்டும் இஸ்திரி போட்ட உண்மைகள். நான் ஷூ இல்லாமல் படியில் உட்கார்ந்திருக்க, நீங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சிரித்துப் பேசி என்னை விட்டுவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவுதான். வயிற்றெரிச்சல். பெற்ற மகன் மேல், கட்டிய மனைவிக்காக.

மறுநாள் பஸ்ஸுக்கு முன்னால் அந்த டவரின் அடியில் போய் நின்றோம். நீ கடைசியில் வாங்கிக் கொடுத்த குளியலறைச் செருப்பைக் காலுறை மேல் மாட்டிக்கொண்டு நான் நின்றேன். அம்மா அண்ணாந்து பார்த்து, "கீழ இருந்து பார்த்தாலே கழுத்து வலிக்குதுடா, எதுக்கு மேல போறது?" என்றாள். உன்னைத் தேற்றுவதற்காக அவள் சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே வேண்டாம் என்று நீ எடுத்துக்கொண்டாய். இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நின்றீர்கள். நடுவில் நின்று படம் எடுத்தவன் நான்.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "மேல ஏறினீங்களா?" மேல்மாடிப் பர்மாக்காரம்மா டாவ் தின் கேட்டார், மாவ்பி மாமா கேட்டார், தேநீர்க் கடைக்காரர்கூடக் கேட்டார். "ஏறாமலா?" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகனுக்கு டிக்கெட் போன அவமானத்தை நான் மூடி மறைக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அதற்கு எனக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள், தம்பி. பிறகு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் ஆறு வெள்ளி அரைஞாண் போலத் தெரிந்தது என்று எழுதினேன். ஒரு விளம்பரத் தாளில் இருந்த படத்தைப் பார்த்து எழுதியது அது. கோயில் தமிழ் வகுப்பில் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். வகுப்பு முடியும்வரை அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொய் அதோடு நின்றிருந்தால் என்னோடு சாம்பலாகப் போயிருக்கும். நிற்கவில்லை. அதற்கப்புறம் நீ அம்மாவிடம் எங்கும் போகலாம் என்று சொன்னதே இல்லை. படம் அனுப்பினால் எனக்கு அனுப்புவாய். "அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, நீங்க பாருங்கப்பா" என்பாய். அம்மாவும் உன்னிடம் எதுவும் கேட்பதை விட்டுவிட்டாள். போன் வந்தால், "நீங்களே பேசுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று பின்னால் நின்றுகொள்வாள். "நம்ம கேட்டா பிள்ளை தன் சக்திக்கு மேல செய்வான், அன்னைக்கு டிக்கெட்டுக்குப் பட்ட பாடு போதாதா?" என்பாள். போன் என் கையில். நீ சொல்வதை நான் அவளுக்குச் சொல்வேன், அவள் சொல்வதை உனக்குச் சொல்வேன். இருவருக்கும் நான் வசதியாக இருந்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

போன மாதம் நீ கூப்பிட்டுக் கல்யாணத் தேதியைச் சொன்னாய். பெரிதாக ஒன்றும் இல்லை, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு மா சந்தாவின் சிநேகிதிகள் சமைக்கிற விருந்து என்றாய். விசா அழைப்புக்கு நீ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், இப்போது விதி இறுகிவிட்டதால் உன் சம்பளத்துக்கு ஒருவருக்குத்தான் அனுமதிப்பார்களாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாய். அப்புறம், "நீங்களே வாங்கப்பா. அம்மாவுக்குத்தான் வெளியூர்னா ஆகாதே. அவங்களைக் கஷ்டப்படுத்த வேணாம். பாரத்துல உங்க பேரை எழுதட்டுமா?" என்றாய். பின்னால் நின்ற அம்மா என் தோளைத் தொட்டு, "ஆமாங்க, நீங்க போங்க. நாந்தான் பாரிஸே பாத்தாச்சே" என்றாள்.

ஒரே பிள்ளை. அவன் கல்யாணத்தை அவள் பார்க்க மாட்டாள். அவள் வயிற்றில் பிறந்தவன் வேண்டாம் என்கிறான், அவளும் வேண்டாம் என்கிறாள், இரண்டு வேண்டாமும் என் வாயில் பிறந்தவை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று உன்னிடம் சொல்லிப் போனை வைத்தேன். இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் அதிலும் கொஞ்சம் பொய் இருக்கிறது. முதல் நாள் முழுக்க நான் போகத்தான் நினைத்தேன். சூட் தைக்கிற கடையில் விலைகூடக் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கரண்ட் வந்திருந்த நேரம். அவள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து காராமணி நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சில் அவளிடம் சொன்னது பொய், படியில் உன்னிடம் சொன்னதும் பொய் என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். முடிவில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு அவன் கேட்டானா?"

"கேட்டான்."

"என்னை மட்டுமா?"

"உன்னை மட்டும்தான். உனக்காகத்தான் சேர்த்தேன்னு சொன்னான்."

"அவன் எப்படிச் சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சாப்பாட்டை விட்டதையும் சொன்னேன். அப்போதுதான் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். டவர் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டார் தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்து பால்கனி வழியாகத் தெருவில் கொட்டியது, கீழேயிருந்து யாரோ திட்டினார்கள். நான் எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்தேன். "நாலு வருஷமா, என்னைக் கூட்டிட்டுப் போக அவனுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சேன். வர எனக்கு இஷ்டமில்லன்னு அவனும் நெனச்சிருப்பானே" என்றாள். பிறகு, "எழுதுங்க. அவனுக்கு எழுதுங்க. பொய்யை எங்க எழுதினீங்களோ அங்கயே எழுதுங்க" என்றாள். இன்றோடு பன்னிரண்டு நாள். சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், முகம் பார்த்துப் பேசுவதில்லை. நான் குறை சொல்லவில்லை.

கல்யாணம் செய்யப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். மா சந்தாவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது உன்னிடம் கேட்டால், தெரிந்தாலும் பதில் சொல்லாதே. அவளைக் காட்டி, "அவளையே கேளுங்க" என்று சொல். அவளுக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் நீ தபால்காரனாகப் போய் நிற்காதே. உன்னை விட்டுவிட்டு அவள் யாரோடாவது சிரித்துக்கொண்டு நடந்தால், பின்னால் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்கப் பழகிக்கொள். உனக்குப் பொறாமை வந்தால் பொறாமை என்றே சொல்லிவிடு, அதற்கு வேறு பெயர் வைக்காதே. நீங்கள் இருவரும் நீண்ட காலம் வயிறார உண்டு, வாயாரப் பேசி, ஒன்றாக இருக்க வேண்டும். செயலாளர் தேடிய வாழ்த்து இதுதான்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே "யா பா தே" என்று சொல்லிவிடாதே. பரவாயில்லை என்று நீ சொல்லக் கூடாது, எனக்கு அது வேண்டாம். பரவாயில்லையா இல்லையா என்று உனக்குத் தெரிகிற வரைக்கும் எடுத்துக்கொள்.

பாரத்தில் யார் பெயரை எழுதுவது என்று என்னிடம் கேட்டிருந்தாய். அம்மா பெயரை எழுது என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அதையும் நான் சொன்னால் மறுபடியும் அவளுக்காக நான் பேசியதாகிவிடும். அதனால் நீ இதைப் படித்து முடித்ததும் போன் செய். எடுக்கப் போகிறவள் அம்மாதான், போனை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே நேராகக் கேள். மணி அடித்ததும் நான் நாலு மாடியும் இறங்கித் தெருவுக்குப் போய்விடுவேன். நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் மேலே வர மாட்டேன்.

அப்பா